பாவுக்குக் கீழே தண்ணீர்

குதிரை நின்றுவிட்டது. ஜட்காக்காரர் சாட்டையைத் தொடவில்லை, அதட்டவில்லை. இறங்கிப்போய் வேப்பமரத்தடியில் பீடி பற்றவைத்துக்கொண்டார். ஏன் நிற்கிறோம் என்று கேட்டேன்.

"பாவு போட்டுக்கினு இருக்காங்கம்மா. முடியட்டும்" என்றார், ரயில்வே கேட் மூடியிருக்கிறது என்று சொல்கிற மாதிரி.

தலையை நீட்டிப் பார்த்தேன். விடிந்தும் விடியாத வெளிச்சத்தில், அந்தக் காஞ்சிபுரத்துத் தெருவின் நீளத்துக்கு, இடுப்பு உயரத்தில் அரக்குச் சிவப்பாய் ஓர் ஆறு கிடந்தது. பட்டு. அத்தனை இழையும் தனித்தனி. அத்தனையும் சேர்ந்து ஒரே பளபளப்பு. இரண்டு பக்கமும் ஆணும் பெண்ணுமாக நின்று கஞ்சித் தண்ணீர் தடவிக்கொண்டிருந்தார்கள். ஒட்டிக்கொண்ட இழைகளைப் பிரித்தார்கள், அறுந்ததைக் கண்ணுக்குத் தெரியாமல் முடிந்தார்கள். தறியில் ஏறப்போகிற நீளவாட்டு நூல்தான் பாவு. அதை வீட்டுக்குள் விரிக்க இடம் ஏது? தெரு வேண்டும், வெயில் ஏறாத காலை வேண்டும், அக்கம்பக்கத்துக் கைகள் வேண்டும். கைகளுக்குக் கூலி கிடையாது. இன்று உன் பாவுக்கு நான், நாளை என் பாவுக்கு நீ. நடுவில் ஒரு லோட்டா காப்பி. சைக்கிளில் வந்தவர்கள் தாமாகவே இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். பால்காரர் வேறு சந்தில் திரும்பினார்.

நான் மெய்மறந்திருந்தேன், குதிரை மறக்கவில்லை. மெல்ல நாலு எட்டு வைத்து, தெருவோரம் இருந்த வாளிக்குள் மூஞ்சியை விட்டு, சத்தமாக உறிஞ்ச ஆரம்பித்தது.

"ஏய்! யாருதுபா இந்தக் குதிரை? என் பாவுக் கஞ்சியைக் குடிக்குது பாரு! வண்டியில குந்திக்கினு வேடிக்கை பாக்கறாங்களே, அந்தம்மாவுக்குக் கண்ணு இன்னா இடுப்புலயா இருக்குது?"

முழங்கை வரை கஞ்சி வழிய ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும், நாற்பதைத் தாண்டியவள். இறங்கி மன்னிப்புக் கேட்டேன். பினாங்கிலிருந்து வருகிறேன், என் அண்ணன் மகள் கல்யாணத்துக்குச் சொல்லிவைத்த புடவையைப் பார்க்க, தங்கப்போகிற வீட்டில் பெட்டியைக்கூட வைக்காமல் நேரே வந்துவிட்டேன் என்றேன். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று என்னை அம்மா சொல்வாள்.

அவள் கை இடுப்பிலிருந்து கன்னத்துக்குப் போனது. "பினாங்கு அக்காவா நீங்க? ஐயையோ! உங்க புடவை இன்னும் தறியிலயே ஏறலியேக்கா!"

அவள்தான் லோகநாயகி. மூன்று தறிகளை ஓட்டுகிறவள், அந்தத் தெருவின் வாயும் அவளே. பக்கத்தில் ஒருவர் இழை முடிந்தபடி என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். புருஷர், ஏகாம்பரம். இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவதால் அவருக்குப் பேச்சு மிச்சமாகிவிட்டது போலும்.

புடவை ஏன் ஏறவில்லை? காப்பி கொடுத்துவிட்டு, அடுத்த தெருவுக்குக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினாள். தெரு நடுவே ஒரு பள்ளம். சரிந்த கரை, அடியில் பச்சைத் தண்ணீர், அதில் ஒரு செருப்பு. பட்டணத்திலிருந்து யாரோ ஒரு கான்டிராக்டர் வந்து குழாய் போடுகிறேன் என்று வெட்டினாராம். பணம் வரவில்லை என்று போனவர், போனவர்தான். வெட்டிய தெருவில் பாவு போட முடியுமா? இரண்டு தெருப் பாவும் இப்போது ஒரே தெருவில். முறைவைத்துக் காத்திருக்க வேண்டும். என் மயில்கழுத்து நிறப் பாவு வரிசையில் எங்கோ பின்னால் உருண்டையாய்ச் சுற்றி ஒரு மூலையில் தூங்கியது.

"இப்ப எங்க தெருவையும் வெட்டணும்னு வந்துக்கினு இருக்காரு ஒருத்தர். உங்க நயினார்தான்!" என்றாள்.

என் நயினார், அதாவது எனக்காக அவளிடம் புடவைக்குச் சொல்லிவைத்தவர், நான் தங்கப்போகிற வீட்டுக்காரர், அப்பாண்டை நயினார். பூர்வீகம் வேகவதிக்கு அந்தண்டை திருப்பருத்திக்குன்றம், தமிழ்ச் சமணர். டவுனில் மணிலாக்கொட்டை மண்டி. அவருடைய அண்ணன் பினாங்கில் எங்கள் கடைக்கு எதிர்க்கடை வைத்திருந்தவர் என்பதால் எனக்கும் அவர் அண்ணன்தான். ஒல்லியான உடம்பு, வெள்ளை ஜிப்பா, மழையில்லாத நாளிலும் குடை. முனிசிபாலிட்டியில் கவுன்சிலர்.

"தங்கச்சி, வா வா. பாவுத் தெருவுல வாங்கிக் கட்டிக்கினயாமே?" என்று வரவேற்றார். எனக்கு முன்னால் செய்தி வந்துவிட்டிருந்தது.

சாயங்காலம் காற்றாடக் கடைத்தெருவுக்குக் கிளம்பினேன். "சாப்பிட்டுட்டுப் போ" என்றார் அவர் மனைவி பத்மாவதி அண்ணி. வெளியே வெயில் இன்னும் மஞ்சளாக இருந்தது. அப்போதுதான் உறைத்தது: விளக்கு வைத்துவிட்டால் அந்த வீட்டில் யாரும் வாயில் எதையும் போடுவதில்லை, தண்ணீர்கூட இல்லை. வெங்காயம், பூண்டு, கிழங்கு இல்லாமலே அண்ணி ஒரு கொத்சு வைத்திருந்தாள். அதை நினைத்தால் இப்போதும் நாக்கு திரும்பிப் பார்க்கிறது. ஆனால் என் வயிறு பினாங்கு வயிறு. அங்கே ஊர் சாப்பிட ஆரம்பிப்பதே விளக்கு வைத்த பிறகுதான். தள்ளுவண்டிகளில் வாணலி சத்தம் எழும்பும். இங்கே படுக்கப் போகும்போது வயிறு ஒரு கேள்வி கேட்டது. பெட்டியில் இருந்த வாழைப்பழத்தைத் திருடி மாதிரி தின்றேன். மறுநாள் தோலைப் பார்த்த அண்ணி என் தலைமாட்டில் ஒரு சீப்பே வைத்துவிட்டாள்.

அந்த வீட்டில் இன்னொன்றும் பார்த்தேன். கிணற்றுத் தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டித்தான் குடம் நிரப்புவாள். வடிகட்டி முடிந்ததும் துணியைத் திருப்பிப் பிடித்து, அதன்மேல் தண்ணீர் விட்டு, அதைக் கிணற்றுக்குள்ளேயே விடுவாள். துணியில் தங்கிய கண்காணாப் பூச்சிகளை அவற்றின் வீட்டுக்கே திருப்பி அனுப்புகிறாளாம்.

"குழாய் வரட்டும்னு உங்க அண்ணன் ஒத்தைக் கால்ல நிக்கறாரு. குழாய்த் தண்ணியில பூச்சி வந்தா அதை எங்கம்மா திருப்பி அனுப்பறது? அதுக்கும் ஒரு வாரியம் வெக்கணும்" என்றாள்.

வாரியம் என்ற அந்த வார்த்தைதான் அப்போது ஊரில் உருண்டுகொண்டிருந்தது. நயினார் எனக்கு விளக்கியது இவ்வளவுதான். பாலாற்றுத் தண்ணீர் பெரிய தெருக்கள் வரை ஒரு பழைய குழாயில் வருகிறது. நெசவாளர் தெருக்களுக்கு வருவதில்லை. முனிசிபாலிட்டியைக் கேட்டால் கையில் பணமில்லை என்கிறது. வருகிற வரி சம்பளத்துக்கும் தெருவிளக்குக்கும் போய்விடுகிறது. சர்க்காரைக் கேட்டால் எழுதிப்போடு என்கிறது. எழுதிப்போட்டால் ஒரு கான்டிராக்டர் வந்து பள்ளம் வெட்டிவிட்டுப் போகிறார். ஆகவே தண்ணீருக்கென்றே ஊருக்குச் சொந்தமாக ஓர் அமைப்பு: நகர நீர் வாரியம். தண்ணீர் வரி அதற்கே போகும், வேறு எதற்கும் போகாது. ஊர்க்காரர்களே அதற்குப் பத்திரம் வாங்கிக் கடன் கொடுப்பார்கள். அந்தப் பணத்தில் குழாய். குழாயில் வரும் வரியில் கடன் திரும்பும். தண்ணீர் வந்தபின் சாக்கடை.

"புதுசா ஒண்ணுமில்ல தங்கச்சி. இதோ இருக்குது கூரம். பல்லவராஜா பாலாத்துலேர்ந்து ஏரிக்குக் கால் வெட்டினதைச் செம்புல எழுதி வெச்ச ஊரு. ராஜா வெட்டிட்டுப் போயிடுவான். அப்புறம் ஏரியைப் பாத்துக்கினது ஊரார் வாரியம்தான். நாம அதை மறந்துட்டு மெட்ராஸைப் பாத்துக்கினு இருக்கோம்."

வரியை வாரியத்துக்கு விட்டுக்கொடுக்க கவுன்சில் கைதூக்க வேண்டும். நெசவாளர் வார்டுக் கவுன்சிலர்கள் கை தூக்கினால் வாரியம் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அவர்களும் நெசவாளர்கள்தான், தெரு சொல்வதைத்தான் செய்வார்கள். தெருவோ பள்ளம் என்ற சொல்லையே கேட்க விரும்பவில்லை. மூன்று வருஷமாக நயினார் இதற்காகப் படியேறி இறங்கியிருக்கிறார். வரப்போகிற கவுன்சில் கூட்டத்தில் தீர்மானம் விழுந்தால் மறுபடி எடுக்க ஆள் கிடையாது.

மறுநாள் தண்ணீர் வருகிற இடத்தைப் பார்க்க ஆசைப்பட்டேன். நயினார், வாரியம் கொண்டுவர டவுனில் சிலர் பணம் போட்டுச் சேர்த்த ஆரம்பக் குழுவின் ஓவர்சியரைத் துணைக்கு அனுப்பினார். சம்பத்து, சின்னக் காஞ்சிபுரத்து வைஷ்ணவப் பிள்ளை, நெற்றியில் மெல்லிய திருமண், கையில் டிபன் பொட்டலம். செவிலிமேட்டுக்கு டவுன் பஸ். பாதியில் அது இருமி இருமி நின்றது. கண்டக்டர் இறங்கி முகப்பைத் திறந்து, உள்ளே எட்டிப் பார்த்து, "தண்ணி இல்லபா" என்றார். ரேடியேட்டருக்குத் தண்ணீர் வேண்டுமென்று ஒவ்வொரு வீடாகக் கேட்டு வந்தார். நாலாவது வீட்டில்தான் கிடைத்தது.

"ஊர் நிலவரத்துக்கு இதைவிட ரிப்போர்ட் வேணுமா, சொல்லுங்கோ" என்றான் சம்பத்து.

காத்திருந்த நேரத்தில் பொட்டலத்தைப் பிரித்தான். மந்தார இலையில் கோயில் இட்லி; மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யும் மணக்க, தடியாக, துண்டு போட்டு. சட்னி கிடையாது. கேட்டதற்கு அவன் பார்த்த பார்வையில் நான் அடுத்த துண்டைப் பேசாமல் தின்றேன்.

பாலாறு என்று நான் போய்ப் பார்த்தது மணல். அக்கரை வரை மணல். என் முகம் சுருங்கியதைக் கண்டு அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, கையாலேயே தோண்டினான். முழங்கை போனதும் மணல் கருத்தது. இன்னும் கொஞ்சம். குழியின் அடியில் ஒரு கண் திறந்த மாதிரி தண்ணீர் வந்து நின்றது. முதலில் கலங்கல், பிறகு தெளிவு, பிறகு அதற்குள் ஒரு துண்டு வானம். என் ஊரில் மலையிலிருந்து தண்ணீர் இரைச்சலோடு குதித்து வரும். இந்த ஆறு தன் தண்ணீரைப் போர்வைக்கு அடியில் வைத்துக்கொண்டு, கேட்டவர்களுக்கு மட்டும் கொடுக்கிறது. அள்ளிக் குடித்தேன். இனிப்பு என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

அன்றைக்குப் பிற்பகல் தெருக்கூட்டம். பிள்ளையார் கோயிலுக்கு முன்னால் எல்லாரும் கூடினார்கள். தறிச் சத்தம் நின்றதும்தான் அந்தத் தெருவுக்கு எத்தனை சத்தம் இருந்தது என்று தெரிந்தது. நயினார் குடையை மடக்கி வைத்துவிட்டுச் சொன்னார். பொறுமையாகக் கேட்டார்கள். கேட்டு முடித்ததும் லோகநாயகி எழுந்தாள்.

"அப்ப இது சீட்டு மாதிரிதானே நயினாரே? எல்லாரும் பணம் போடுவோம், நீங்க சேத்து வெப்பீங்க."

"அப்படித்தாம்மா வெச்சுக்கோ."

"போன வருஷம் சீட்டுப் பிடிச்சவன் ராவோட ராவா ஓடிட்டானே?"

தெரு சிரித்தது. நயினாரும் சிரித்தார். "ஓடலாம். ஆனா குழாயைத் தூக்கிக்கினு ஓட முடியாதே."

அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. பிறகு எல்லாக் கண்களும் என்மேல் திரும்பின. பினாங்கில் குழாய் உண்டாமே, தண்ணீருக்குக் காசா? ஆமாம், மாசா மாசம் பில் வரும், கட்டாவிட்டால் குழாயை அடைத்துவிடுவார்கள் என்றேன். "அடப்பாவிங்களா!" என்றது ஒரு குரல். ஆனால் விடிகாலை இருட்டில் குடத்தோடு யாரும் நிற்பதில்லை என்றும் சொன்னேன். அதற்குப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

லோகநாயகி உட்காரவில்லை. "தண்ணி வேணாம்னு யாரு சொன்னாங்கோ? கேக்கறது ஒண்ணுதான். பள்ளத்தை எப்ப மூடுவீங்க? பாவு போடாத ஒவ்வொரு காலைக்கும் எங்க அடுப்பு கணக்கு கேக்குது."

சம்பத்து எஸ்டிமேட்டைப் புரட்டினான். தெரு முழுக்க ஒரே மூச்சில் வெட்டி, குழாய் இறக்கி, சோதித்துவிட்டு மூடுவதாகத்தான் அதில் இருந்தது. "எப்படியும் ஒரு மாசம் ஆகும், மாமி."

"மாமியா? ஒரு மாசமா?" என்றாள் லோகநாயகி. எதற்குக் கோபப்பட்டாள் என்று கடைசிவரை தெரியவில்லை.

நயினார் தெருவை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எழுந்தார். "நீங்க பாவு சுருட்டினதும் வெட்டறோம். அன்னிக்கு எவ்ளோ மூட முடியுமோ அவ்ளோதான் வெட்டறது. பொழுது சாயறதுக்குள்ள மூடிடறோம். மறுநாள் காலையில உங்களுக்குத் தெரு இருக்கும்."

"செலவு கூடும் சார்! தினம் வெட்டி தினம் மூடறது எந்த எஸ்டிமேட்லயும் இல்லே" என்று சம்பத்து பதறினான்.

"எஸ்டிமேட்டு மெட்ராஸ்ல போட்டா மெட்ராஸ் நேரம். பணப்பை நம்ம கையில இருந்தா நம்ம நேரம். அதுக்குத்தானேபா வாரியம்?"

யாரோ தலையாட்டினார்கள். லோகநாயகி ஆட்டவில்லை. "போன கான்டிராக்டரும் நாளைக்கே மூடறேன்னாரு."

"இந்த ஒரு தெருவை ஆரம்பக் குழுப் பணத்துல செய்யறோம். மூடாத அன்னிக்கு எனக்குச் சோறு இல்ல" என்றார் நயினார். "விளக்கு வெச்சப்புறம் நான் சாப்பிடறதில்லன்னு உங்களுக்கெல்லாம் தெரியும். பொழுதோட பள்ளம் மூடினாத்தான் என் இலை விழும்."

தெரு அந்த வார்த்தையை நிறுத்துப் பார்த்தது. அடமானம், ஜாமீன், கையெழுத்து என்று எது கொடுத்திருந்தாலும் இத்தனை எடை இருந்திருக்காது. வேறு யாராவது சொல்லியிருந்தால் இரவில் கதவைச் சாத்திக்கொண்டு தின்றுவிடுவார் என்று சிரித்திருப்பார்கள். நயினார் வீட்டு அடுப்பு மாலையோடு அணைவது ஊருக்கே தெரிந்த விஷயம்.

"சரி, வெட்டுங்கோ. பாக்கறோம்" என்றாள் லோகநாயகி.

அதற்குப் பிந்திய நாட்கள் ஒரே தாளத்தில் ஓடின. காலையில் பட்டு, பகலில் மண். பாவு சுருட்டியதும் மண்வெட்டிகள் இறங்கும். வார்ப்பிரும்புக் குழாயை ஒன்றின் வாயில் ஒன்றாகச் செருகுவார்கள். இடுக்கில் சணல் அடைப்பார்கள். ஈயத்தைக் காய்ச்சி வெள்ளியாய் ஊற்றுவார்கள். நான் கோயில் பார்க்கிறேன் என்று காலையில் கிளம்புவேன். ஏகாம்பரநாதர் கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து நிற்பேன். கால் தானாகப் பள்ளத்துக்கே திரும்பிவிடும். கோபுரம் எங்கும் போகாது. குழாய் தினம் கொஞ்சம் போய்க்கொண்டிருந்தது.

மாலையில் இன்னொரு வேடிக்கை. வெயில் சாயச் சாயத் தறிகள் ஒவ்வொன்றாக நிற்கும். ஆட்கள் வாசலுக்கு வந்து ஒரு கண்ணால் பள்ளத்தையும் ஒரு கண்ணால் வானத்தையும் பார்ப்பார்கள். "நயினாருக்கு இன்னிக்குச் சோறா, பட்டினியா?" என்று டீக்கடையில் ஒரு டீ பந்தயம் நடப்பதாகக் கேள்வி. நயினார் கவிழ்த்த மண்கூடைமேல் குடையோடு உட்கார்ந்திருப்பார். கடைசிக் கூடை மண் விழுந்து, மண்ணை இறுக்கும் திமிசுக்கட்டை தட்டியதும் எழுந்து வேஷ்டியை உதறிக்கொண்டு வேகவேகமாக வீட்டுக்கு நடப்பார். "சாப்பிட ஓடறாரு பாரு!" என்று முதுகுக்குப் பின்னால் சத்தம் வரும். கேலிதான். ஆனால் நாளாக ஆக அதில் வேறு ஏதோ ஒரு ருசியும் சேர்ந்துகொண்டது. ஒருநாள் லோகநாயகி, "மெதுவா போங்கோ, கல்லு தடுக்கும்" என்றாள்.

வேலையின் கடைசி நாளுக்கு வருகிறேன். மறுநாள் காலை என் பாவின் முறை. மறுநாள் மாலை கவுன்சில் கூட்டம். இன்றைக்குப் பெரிய தெருக் குழாயோடு இணைத்து, தண்ணீர் விட்டுப் பார்த்து மூடவேண்டும். அந்தப் பழைய குழாயில் பிற்பகல் சாய்ந்துதான் தண்ணீர் வரும். வந்தது. புதுக் குழாய்க்குள் ஒரு மூச்சிரைப்பு ஓடியது, தெரு முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. அப்போதுதான் திறந்திருந்த பள்ளத்தில் ஒரு மூட்டிலிருந்து ஊசியாய்த் தண்ணீர் பீய்ச்சியடித்தது. சம்பத்துவின் திருமண் நனைந்தது.

"ஈயம் சரியா விழலே. மறுபடி ஊத்தணும்" என்றான். ஈய அடுப்போ அணைந்து சாம்பலாகியிருந்தது. கரி மூட்டி, காய்ச்சி, ஊற்றி, ஆறவிட்டு, சோதித்து, மூடி... மேற்கே பார்த்தேன். சூரியன் வீட்டு ஓடுகளுக்குப் பின்னால் இறங்கியிருந்தது.

ஒரு நெசவாளர் சொன்னார், "நயினாரே, இப்போதைக்கு மூடிடலாம். நாளைக்கு நின்னு பாத்துக்கலாம்."

"ஒழுகற மூட்டை மூடிட்டு நான் போய்ச் சோறு தின்னா, அப்புறம் அந்த கான்டிராக்டருக்கும் எனக்கும் இன்னா வித்தியாசம்? ஒரு ராத்திரி பட்டினி கிடந்தா நான் செத்துட மாட்டேன். சரியா செய்யுங்கோ" என்றார் நயினார்.

லோகநாயகி அவரைப் பார்த்தாள். பள்ளத்தைப் பார்த்தாள். பிறகு தெருவே அதிரக் கத்தினாள். "சாயப் பட்டறையில அடுப்பு எரிஞ்சிக்கினு இருக்குது! ஈயத்தை அங்க தூக்கிக்கினு போங்கடா! சட்டியை இறக்குங்கோ, அரக்கு நாளைக்குக் காயலாம்!"

இரண்டு வீடு தள்ளிச் சாயப் பட்டறை. நூல் கொதிக்கிற பெரிய அடுப்பு. அரக்குச் சாயச் சட்டி இறங்கியது, ஈயக் கரண்டி ஏறியது. கண் மூடித் திறப்பதற்குள் என்று சொல்லமாட்டேன், ஆனால் நினைத்ததைவிடச் சீக்கிரம் ஈயம் உருகி வந்தது. சம்பத்து பஞ்சகச்சத்தை இழுத்துக் கட்டிக்கொண்டு தானே பள்ளத்தில் இறங்கி ஊற்றினான். ஆறிற்று. தண்ணீரை விட்டார்கள். மூட்டைச் சுற்றி விரலை ஓட்டினான்.

"சொட்டு இல்லே!"

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் யாருக்கும் சொல்லவில்லை. மண்வெட்டி கிடைத்தவர்கள் மண்வெட்டியால், கிடைக்காதவர்கள் முறத்தால், வெறுங்கையால் மண்ணைத் தள்ளினார்கள். காலையில் ஒரு முடிச்சை நகத்தால் போடுகிற விரல்கள் அவை. பாவுக்கு நிற்பது போலவே இரண்டு பக்கமும் வரிசை. கூலியில்லாத அதே கைகள்.

அப்போது பத்மாவதி அண்ணி வந்தாள். ஒரு கையில் தூக்குச் சட்டி, மறுகையில் இலை. "வீட்டுக்கு வந்து சாப்பிட நேரம் ஏது? இங்கயே உக்காருங்க" என்றாள்.

கடைசிக் கூடை விழுந்தது. திமிசு தட்டியாயிற்று. நயினார் எழுந்து மேற்கே பார்த்தார். வடக்கும் தெற்குமாக ஓடுகிற தெரு அது. ஓட்டு விளிம்பில் வெளிச்சம் இருந்தது, சூரியன் தெரியவில்லை. "போயிடுச்சும்மா" என்றார் அமைதியாக.

எங்கிருந்தோ ஒரு குரல். "இருக்குது! இன்னும் இருக்குது!"

எல்லாரும் நிமிர்ந்தோம். லோகநாயகி வீட்டு மாடியில் ஏகாம்பரம் நின்றிருந்தார். அந்த மனிதர் குரலை நான் அன்றுதான் கேட்டேன். தெருவிலும் பலர் அன்றுதான் கேட்டிருப்பார்கள்.

நான் மூச்சிரைக்கப் படியேறி அவர் பக்கத்தில் போய் நின்றேன். உண்மைதான். தாமல் ஏரி இருக்கிற திசையில், பனைகளுக்கு நடுவே, சூரியன் பாதிக்கு மேல் இருந்தது. கோபுரங்கள் எல்லாம் மேற்குப் பக்கம் மட்டும் மஞ்சள் பூசிக்கொண்டு நின்றன. கீழே தெருவில் மிச்சமாகிப்போன ஒரு குழாயின் மேல் நயினார் உட்கார, அண்ணி இலையை விரித்தாள். தயிர்சாதம்.

"அரை இருக்குது நயினாரே, தின்னுங்கோ!" என்றார் ஏகாம்பரம்.

நயினார் உருட்டினார்.

"கால்! கால் இருக்குது!"

"மென்னு தின்னுங்கோ, விக்கும்!" என்றாள் லோகநாயகி.

"நகம் அளவு இருக்குது!"

தெருவே அவர் கையையும் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளைக்குக்கூட அப்படிப் பந்தி நடந்திருக்காது. கடைசி உருண்டை உள்ளே போனது.

"கை கழுவிடுங்கோ! போவுது... போவுது..."

புதுக் குழாயின் முனையில் சம்பத்து தண்ணீரைத் திறந்தான். அண்ணி இடுப்பிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்து குழாய் வாயில் பிடித்து, ஒரு சொம்பு வடிகட்டினாள். அவர் வாய் கொப்புளித்து, ஒரு மடக்குக் குடித்துக் கையை உதறவும், மாடியில் ஏகாம்பரம், "போச்சு!" என்றார். எனக்கும் அவருக்கும் எதிரே பனைகள் கறுத்தன.

கீழே எழுந்த ஆரவாரத்தில் குதிரைகள் மிரண்டிருக்கும். நான் இறங்கி வந்தபோது அண்ணி மட்டும் துணியை மிச்ச வெளிச்சத்தில் பிடித்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தெருவோரக் கிணற்றுக்குப் போய், வழக்கம் தவறாமல், அதைத் திருப்பிப் பிடித்துத் தண்ணீர் விட்டாள். "விலாசம் தெரியல. கிடைச்ச வீட்டுல இருக்கட்டும்" என்றாள்.

மறுநாள் விடிகாலை நான் ஜட்காவில் வரவில்லை, நடந்தே வந்தேன். தெருவின் நடுவில் வகிடு எடுத்த மாதிரி ஈரமண் கோடு ஒன்று மட்டும் இருந்தது. அதற்கு மேலே, இடுப்பு உயரத்தில், என் அண்ணன் மகளின் மயில்கழுத்துப் பாவு நீண்டு கிடந்தது. அசையும்போது நீலம், நின்றால் பச்சை. கீழே தண்ணீர், மேலே பட்டு, நடுவில் ஒரு முழம் காற்று. எனக்கும் ஒரு இடம் கொடுத்தார்கள். கஞ்சி தடவக் கற்றுக்கொண்டு, இரண்டு இழையை அறுத்துவைத்தேன். ஏகாம்பரம் ஒன்றும் சொல்லாமல் முடிந்துகொடுத்தார். நேற்றைய பேச்சே அவருக்கு ஒரு வருஷத்துக்குப் போதும் போலிருந்தது. புடவை நெய்து முடியும்வரை நான் இருக்க முடியாது, கப்பல் காத்திருக்காது. நயினார் அண்ணன் வீட்டு ஆள் யாராவது கொண்டுவருவார்கள்.

எதிர்வரிசையில் கஞ்சி தடவிக்கொண்டிருந்தவர் அந்த வார்டுக் கவுன்சிலர். சாயங்காலம் கூட்டத்தில் என்ன செய்யப்போகிறார் என்று கேட்க வாயெடுத்தேன். லோகநாயகி முந்திக்கொண்டாள்.

"இன்னாபா, சாயங்காலம் கை தூக்குவியா?"

அவர் கஞ்சி வழிகிற இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

"ஒரு கை போதும்பா! இன்னொண்ணு பாவுல இருக்கட்டும்!"

வேப்பமரத்தடியில் ஜட்கா ஒன்று வந்து நின்றது. அதே குதிரை. வண்டிக்காரர் இந்தத் தடவை கடிவாளத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். லோகநாயகி அதைப் பார்த்தாள். ஒரு வாளியில் மிச்சக் கஞ்சியை ஊற்றி, அதன் முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, மறுபடி என் இழைகளைப் பிரிக்க ஆரம்பித்தாள்.